கூடலூரின் குடிமதிப்பு

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு நடக்கும், அதில் சாதியும் கேட்கப்படும் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து எங்கள் ஆசிரியர் அறையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் முடிகிறது. வீடு வீடாகப் போகவேண்டியவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள்தாம் என்பதால் இளையவர்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "சார், போன தடவை நீங்க போனீங்களே, ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்கிறார்கள். நடக்கிற கஷ்டத்தைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். யானை நடமாட்டமுள்ள மலைச்சரிவில் அது இருக்கத்தான் செய்தது. எனக்கு அதைவிடச் சிரமம் கொடுத்தவை படிவத்தின் சில கட்டங்கள். தேநீர் இடைவேளையில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக அது இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து, படித்து, இப்போது பாடம் நடத்துகிற ஊர் கூடலூர். நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஊட்டியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் இறங்கினால் வருகிற சிறு நகரம். 2011 கணக்கின்படி நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 49,500. இங்கிருந்து ஒரு சாலை முதுமலைக் காட்டுக்குள் புகுந்து மைசூருக்குப் போகிறது; ஒன்று நாடுகாணியில் இறங்கி நிலம்பூருக்கும், இன்னொன்று பாட்டவயல் வழியாகச் சுல்தான் பத்தேரிக்கும் போகின்றன. பேருந்து நிலையத்தில் மூன்று மாநிலங்களின் அரசுப் பேருந்துகளும் அடுத்தடுத்து நிற்கும். பலகையில் எந்த எழுத்து இருந்தாலும் உள்ளூர்க்காரர் தயங்காமல் ஏறிவிடுவார். டீக்கடையில் வாங்குபவர் தமிழில் கேட்பார், கடைக்காரர் மலையாளத்தில் பதில் சொல்வார், சில்லறை எண்ணும்போது இருவரும் எந்த மொழியில் எண்ணினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

சமவெளியிலிருந்து வருகிற உறவினர்கள் முதலில் கேட்பது, "இது தமிழ்நாடுதானா?" என்பது. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கூடலூரும் பந்தலூரும் 1877 வரை மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியாக இருந்தவை. அந்த ஆண்டில்தான் ஆங்கிலேய நிர்வாகம் இப்பகுதியை வெட்டி எடுத்து நீலகிரியோடு சேர்த்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளத்துக்குப் போனது, நீலகிரி சென்னை மாநிலத்திலேயே நின்றது. அதற்கு எழுபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நிர்வாக வசதிக்காகப் போட்ட ஒரு கோட்டினால், இங்கே மலையாளம் பேசியவர்கள் வீட்டைவிட்டு ஓர் அடியும் நகராமலே மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள்.

ஓர் ஊரின் இன அமைப்பு என்று சொல்லும்போது நம்மில் பலர் விழுக்காட்டுப் பட்டியலைத்தான் நினைக்கிறோம். கூடலூருக்கும் அப்படி ஒரு பட்டியல் போடலாம். ஆனால் தமிழில் இனம் என்ற ஒரே சொல், உடல்தோற்றம், மொழி, சாதி, பழங்குடி என எல்லாவற்றின் தலையிலும் ஏற்றி வைக்கப்பட்ட சொல். இந்தியக் கணக்கெடுப்பில் இனம் என்று ஒரு கேள்வியே கிடையாது. சமயம் உண்டு, பட்டியல் சாதியா பழங்குடியா என்பது உண்டு, தாய்மொழி உண்டு, பிறந்த இடம் உண்டு. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு, இங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் படிக்கிறவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில், கூடலூரில் இந்த நான்கு கேள்விகளும் நான்கு திசையில் இழுக்கின்றன.

2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றும், ஒரு தோட்டத்தின் தொழிலாளர் வரிசைகளும், சாலையோரமாகச் சில கடைவீடுகளும் இருந்தன. முதலில் போனது பணியர் குடியிருப்புக்கு. வயலோரத்தில் பதினைந்து வீடுகள். பாதி, அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள், மீதி மூங்கில் தட்டியும் மண்ணும். திண்ணையில் ஒரு மூதாட்டி உட்கார்ந்து காதோலை செய்துகொண்டிருந்தார். தாழை ஓலையை நாடாவாகக் கிழித்து, கெட்டியாகச் சுருட்டி, வட்டின் முகத்தில் தேன்மெழுகை அப்பி, அதில் குன்றிமணிகளை ஒவ்வொன்றாக, கறுப்பு முனை உள்ளே போகும்படி அழுத்திக்கொண்டிருந்தார். நான் வந்ததையோ படிவத்தைப் பிரித்ததையோ அவர் பொருட்படுத்தவில்லை. பெயர், வயது, சமயம் எல்லாவற்றுக்கும் பள்ளிக்குப் போகும் பேரன்தான் பதில் சொன்னான். சமயம் என்ற கேள்விக்கு அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்துன்னு போடுங்க சார்" என்றான். உள்ளே பாட்டி வணங்குகிற தெய்வங்களுக்குப் படிவத்தில் பெயர் இருக்காது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

தாய்மொழி என்றபோதுதான் மூதாட்டி நிமிர்ந்து பார்த்தார். "எங்க பாஷெதான்" என்றார். பேரன் குறுக்கிட்டு, "மலையாளம்னு எழுதுங்க சார், அப்படித்தான் எல்லாரும் எழுதுவாங்க" என்றான். ஒருவருடைய சிறுவயதில் அவருடைய தாய் அவரோடு பேசிய மொழியே தாய்மொழி, சொல்பவர் சொல்வதை அப்படியே எழுதவேண்டும், அது மொழியா கிளைமொழியா என்று தீர்ப்புச் சொல்வது கணக்கெடுப்பாளரின் வேலை இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் 'பணிய' என்றே எழுதினேன். அன்று அதை ஒரு சிறு வெற்றியாகவே நினைத்தேன். பிறகு, வெளிவந்த மொழி அட்டவணைகள் எப்படித் தொகுக்கப்படுகின்றன என்று படித்தபோதுதான் அந்த நினைப்பு அடங்கியது. படுகர் பேசும் படுகு கன்னடத்தின் கீழ் போகிறது, இருளர் மொழி தமிழின் கீழ் போகிறது, நாடு முழுவதும் பத்தாயிரம் பேருக்குக் குறைவாகச் சொல்லப்பட்ட தாய்மொழி எதுவானாலும் 'மற்றவை' என்ற மூட்டைக்குள் போகிறது. கீழே நாங்கள் எவ்வளவு கவனமாக எழுதினாலும், மேலே ஒரு கை அதை மறுபடியும் பிரித்து அடுக்குகிறது.

பணியர் என்ற பெயரே பணி செய்பவர் என்ற பொருளில் மற்றவர்கள் வைத்ததுதான். வயநாட்டு நெல்வயல்களில் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டிருந்தவர்கள் அவர்கள். மானந்தவாடிக்கு அருகிலுள்ள வள்ளியூர்க்காவுத் திருவிழாவில்தான் அடுத்த ஓராண்டுக்கு எந்த நில உடைமையாளருக்கு எந்தக் குடும்பம் என்று முன்பணம் கொடுத்துப் பேசி முடிப்பார்களாம். அவர்களுடைய சுருட்டை முடியையும் கரிய நிறத்தையும் பார்த்த வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள், மலபார் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கிய ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். ஊர் ஊராகப் போய் மூக்கையும் மண்டையையும் அளந்து குறித்துக்கொண்டிருந்த சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனே, விசாரித்துப் பார்த்தால் அந்தக் கதை நிற்கவில்லை என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். அளவுகோலை வைத்து இனம் பிரிக்கும் அவருடைய வேலையில் எனக்குத் துளியும் மதிப்பில்லை என்றாலும் இதற்காக மட்டும் அவருக்கு நன்றி சொல்லலாம். தென்னிந்தியாவின் மிகப் பழைய மூதாதையர் கூறு அதிகமாகக் காணப்படும் மக்களில் பணியரையும் சேர்த்துத்தான் இன்றைய மரபணு ஆய்வுகள் பேசுகின்றன. அதாவது, இந்த ஊரில் யாரையாவது 'வெளியிலிருந்து வந்தவர்' என்று சொல்லவேண்டுமானால் அந்த வரிசையில் கடைசியில் நிற்கவேண்டியவர்கள் அவர்கள். ஆனாலும் டீக்கடையில் அந்த ஆப்பிரிக்கக் கதையை ஒரு பட்டதாரி இன்றும் சொல்லக் கேட்கிறேன்.

பழங்குடிப் பட்டியல் என்பது இன்னொரு கட்டம். தமிழ்நாட்டில் மிக நலிவுற்ற பழங்குடிகளாக அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு பிரிவினரும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அனைவரும், நீலகிரியில் இருக்கிறார்கள். எனினும் மாவட்ட மக்கள்தொகையில் பழங்குடியினர் எல்லோரையும் சேர்த்தால் 2011இல் 4.46 விழுக்காடுதான். இந்தப் பட்டியலில் குறும்பர் என்ற ஒரே பெயருக்குள் முள்ளுக்குறும்பரும் பெட்டக்குறும்பரும் அடங்கிவிடுகிறார்கள். முள்ளுக்குறும்பர் வில்லுக்குப் பெயர்போன உழவர்கள், அவர்கள் பேச்சு மலையாளத்துக்கு மிக நெருக்கமானது. பெட்டக்குறும்பர் காட்டோடு வாழ்ந்தவர்கள், தெப்பக்காட்டு யானை முகாமில் பாகன்களாக இருப்பவர்களில் பலர் அவர்கள். அவர்களுடைய பேச்சு முள்ளுக்குறும்பருக்கே விளங்காது. இரு தரப்பாருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் கிடையாது. இப்படியிருந்தும் சான்றிதழில் இருவரும் ஒன்று. மொழி அட்டவணையில் குறும்ப மொழி என்று ஒரு வரி, அதுவும் கன்னடத்தின் கீழ்.

இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்றொரு பெயர் உண்டு. சேலம், தருமபுரி, பழைய தென்னார்க்காடு, வடஆர்க்காடு போன்ற மாவட்டங்களின் மலைகளில் வாழும், தமிழ் பேசும் மக்கள் அவர்கள். மலையை ஆள்பவர் என்பதே பெயருக்குப் பொருள். சமவெளியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த நண்பர் ஒருவர், சாலையோரத்து மாப்பிள்ளைமாரின், அதாவது மலையாளம் பேசும் முஸ்லிம்களின், வீட்டில் "நாங்கள் மலையாளிகள்" என்று சொல்லக் கேட்டு, பட்டியலைப் புரட்டிப் பார்த்துப் பழங்குடிக் கட்டத்தில் எழுதப் போய்விட்டார். மேற்பார்வையாளர் பார்த்ததால் அது நின்றது.

பட்டியலில் இடம்பெறாத பழையவர்களும் இங்கே உண்டு. மவுண்டாடன் செட்டிகள் முதுமலையிலும் ஸ்ரீமதுரையிலும் நெல் விளைவித்தவர்கள். செட்டி என்ற பெயரைக் கேட்டு வட்டிக்கடை என்று நினைத்துவிடக்கூடாது. அவர்கள் வீட்டில் பேசுவது மலையாளமும் கன்னடமும் தமிழும் தன்னுள் கொண்ட ஒரு தனிப்பேச்சு. வயநாடன் செட்டிகளோ தங்கள் முன்னோர் தாராபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். ஐப்பசியில் புதுநெல் அறுக்கும் திருவிழாவான புத்தரி வரும்போது இவர்கள் எல்லோருடைய இடமும் தெளிவாகத் தெரியும். விரதமிருந்து கதிரறுப்பவர் யார், கொட்டும் குழலும் இசைப்பவர் யார், கதிர்க்கட்டை வாங்கிக் கோயிலுக்குச் சுமப்பவர் யார் என்பதெல்லாம் வரையறுத்து வைத்த முறை. அந்த முறைக்குள் அன்பும் உண்டு, பழைய ஏற்றத்தாழ்வும் உண்டு. புத்தரிக் கதிரில் ஒன்றைக் கேட்டு வாங்கி வாசல் நிலையில் செருகிக்கொள்ள ஊரே வரும். வந்தேறிகளான எங்கள் வீட்டு நிலையிலும் ஆண்டுதோறும் ஒரு கதிர் காய்ந்து தொங்கும்.

வந்தேறிகளைப் பற்றிச் சொல்வதென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த காபியிலிருந்து தொடங்கவேண்டும். ஆக்டர்லோனி என்ற வெள்ளைக்காரர் காபி போட்ட பள்ளத்தாக்கு, ஆங்கிலத்தில் 'ஓ வேலி' என்று சுருங்கி, இன்று ஓவேலி என்று பச்சைத் தமிழ்ப் பெயர்போல ஒலிக்கிறது. 1879 தொடங்கி இரண்டே ஆண்டுகளில் பந்தலூர், தேவாலாப் பகுதியில் தங்கம் எடுப்பதற்காக நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. தங்கம் கட்டுப்படியாகாமல் அவை அதே வேகத்தில் மூடிக்கொண்டன. காபியும் நோயில் விழுந்தது. தேயிலை நிலைத்தது. இவை ஒவ்வொன்றுக்கும் மைசூர்ப் பக்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் கோவை, சேலம் பக்கத்திலிருந்தும் ஆள் திரட்டி வந்தார்கள். தொழில் போனபின்னும் ஆட்களில் ஒரு பகுதியினர் தங்கினார்கள்.

அடுத்த பெரிய வரவு கேரளத்திலிருந்து. இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவுப் பஞ்சத்தில், தரிசையும் காட்டையும் திருத்திப் பயிரிடுங்கள் என்று அரசே ஊக்குவித்தது. திருவிதாங்கூரிலிருந்து சிரியன் கிறிஸ்தவர்களும், ஏறநாட்டுப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளைமாரும் வந்து, நிலத்துக்கு உடைமையாளரான நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பத்திடம் குத்தகை பெற்று மிளகும் இஞ்சியும் மரவள்ளியும் போட்டார்கள். நான் படிவம் நிரப்பிய கடைவீட்டுக்காரர் அப்படி வந்த ஒருவருடைய மகன். பிறந்த இடம் கூடலூர், தாய்மொழி மலையாளம், படித்தது தமிழ் வழியில். "அங்கே போனா என்னைப் பாண்டிம்பாங்க, இங்கே மலையாளத்தான்ம்பாங்க, நீங்க எதைப் போட்டாலும் சரி மாஷே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். 'மாஷ்' என்று ஆசிரியரை அழைப்பது அவருக்கு இயல்பு. அந்த ஓர் எழுத்து நீட்டத்தில் எனக்கும் அது பழகிப்போன மரியாதை.

சிரிப்போடு அவர் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அவருடைய வீடு நின்ற இடம் 'செக்ஷன் 17' நிலம். கூடலூரில் ஜென்மம் என்ற பரம்பரை நில உடைமையை ஒழித்து, நிலத்தை ரயத்துவாரியாக, அதாவது உழுபவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் முறைக்கு, மாற்றும் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. கோவிலகத்தின் நிலம் அரசுக்கு வந்தது, ஆனால் அதில் குத்தகைக்கு இருந்தவர்களின் நிலை அந்தச் சட்டத்தின் பதினேழாவது பிரிவில் மாட்டிக்கொண்டு பல பத்தாண்டுகளாகத் தொங்குகிறது. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. நீதிமன்றத்தில் எதிர்க்கமுடியாதபடி சட்டங்களைச் சேர்த்துவைக்கும் இடமான அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் பற்றிச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கிற, 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் வழங்கிய கோயலோ தீர்ப்பு முளைத்தது இந்தக் கூடலூர் மண்ணிலிருந்துதான். தீர்ப்பு நாடறிந்தது, இங்கே பட்டா இல்லாத வீட்டுக்கு மின்இணைப்பு வாங்க அலைவது எங்கள் ஊரறிந்தது. நிலம் இப்படித் தொங்கும் ஊரில், யார் எப்போது வந்தார் என்ற கேள்வி வெறும் வரலாற்று ஆர்வமாக இருப்பதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தான் வந்த ஆண்டை ஒரு பழைய ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. தனக்குப் பின்னால் வந்தவனை ஆக்கிரமிப்பாளன் என்கிறது. எல்லோருக்கும் முன்னால் இருந்த பணியருக்குத்தான் காட்ட ரசீது இல்லை.

இனி என் ஆட்களைப் பற்றி. 1964 அக்டோபர் 30இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் இருந்த 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பிறகு, 1974இல், அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டுச் சாமான்களைப் பங்கு போடும்போதுகூட நம் வீடுகளில் இதைவிட நீண்ட பேச்சு நடக்கும். கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வாங்கி, தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து அவரவருக்கு எழுதப்பட்ட ஊருக்குப் போகவேண்டும். நீலகிரிக்கு எழுதப்பட்டவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசே தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. பின்னாளில் 'டேன்டீ' என்று பெயர்பெற்ற அந்தத் தோட்டங்கள் நாடுகாணி, சேரங்கோடு, சேரம்பாடி என்று இந்தப் பக்கமெல்லாம் பரவின. அரசுத் தோட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

இந்த ஊர் எங்களை 'சிலோன்காரர்' என்கிறது. அரசுத் தாள்களில் 'தாயகம் திரும்பியோர்' என்று இருக்கும். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அதற்குமுன் இந்தியாவைப் பார்த்தேயிராத இருபத்து மூன்று வயதுப் பெண் 1972இல் இங்கே வந்ததை 'திரும்பியது' என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இன்னும் சிலர் 'அகதி' என்பார்கள். அம்மாவுக்கு அந்தச் சொல் மட்டும் ஆகாது. "பாஸ்போர்ட்டு வச்சிக்கிட்டு வந்தவங்கள அகதின்னு சொல்ற ஊரு இதுதான்" என்று, சொன்னவர் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்.

தொழிலாளர் வரிசைகளில் கணக்கெடுத்தபோது, அந்த வரிசைகளுக்கே மூன்று பெயர் இருப்பதைக் கவனித்தேன். தோட்டத்துத் தாள்களில் 'லைன்'. மலையாளிகளும், அவர்களைப் பார்த்து ஊராரும் சொல்வது 'பாடி'. எங்கள் ஆட்களுக்கு அது 'லயம்'. ஒரே சுவர், ஒரே ஓடு, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. எட்டாம் எண் வீட்டில் லயம், ஒன்பதாம் எண் வீட்டில் பாடி. சம்பல் அரைக்கும் வாசனையை வைத்து, கதவைத் தட்டுமுன்பே இது நம்மவர் வீடு என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் பாலக்காட்டுக்காரி. பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டாராம்.

படிவத்தைப் பொறுத்தவரை இலங்கையிலிருந்து வந்தவர்கள் மறைந்துபோகிற மக்கள். தாய்மொழி தமிழ், ஆகவே மொழிக்கணக்கில் தமிழரோடு தமிழராகக் கரைந்துவிடுகிறார்கள். பெரும்பாலோர் பட்டியல் சாதியினர்; ஆனால் இலங்கையிலேயே கிறிஸ்தவரானவர்கள் சட்டப்படி அந்தக் கட்டத்துக்குள் வரமுடியாது, அண்ணன் உள்ளேயும் தம்பி வெளியேயும் நிற்கிற குடும்பங்கள் உண்டு. பிறந்த இடம் என்ற ஒரு வரியில் மட்டும் 'இலங்கை' என்று வரும். அதுவும் முதல் தலைமுறையோடு சரி. என் பிறந்த இடம் கூடலூர். என் மகளுடையதும் அதுவே. அந்த வரிசையில் இருந்த கடைசி மூதாட்டி போனபின், இலங்கையிலிருந்து இந்த ஊருக்கு யாரும் வந்ததாகவே கணக்கில் தெரியாது.

நான் வசித்த வீடும் எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே இருந்ததால் அதைக் கடைசி நாள் இரவுக்கு வைத்துக்கொண்டேன். விளக்கடியில் அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தைப் பார்த்ததும், "குடிசன மதிப்பீடா?" என்றார், இலங்கையில் அதற்கு அதுதான் பெயர். மற்ற எல்லாரிடமும் கேட்டதுபோலவே, ஒன்றையும் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளாமல், வரிசையாகக் கேட்டேன். பிறந்த ஆண்டு 1949. முந்திய ஆண்டுதான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது என்பதால், அவர் பிறந்தபோது எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். அதற்குப் படிவத்தில் கேள்வி இல்லை. முன்பு வசித்த இடம் இலங்கை. இடம்பெயர்ந்த காரணம் என்று ஏழு விடைகள் அச்சிட்டிருந்தார்கள்: வேலை, வணிகம், கல்வி, திருமணம், பிறந்தபின் இடம்மாறியது, குடும்பத்தோடு இடம்மாறியது, மற்றவை. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். "பிரதமர் ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டாங்கன்னு எழுது" என்றார். ஏழு என்று எழுதினேன்.

தாய்மொழி, தமிழ். அறிந்த பிற மொழிகள் என்ற இடத்தில் இரண்டு மட்டுமே எழுதலாம் என்பது விதி. அம்மா அரிசியிலிருந்து கண்ணெடுக்காமல் அடுக்கத் தொடங்கினார். மலையாளம் தெரியும், கொழுந்து நிறுக்கிற மேஸ்திரியோடு முப்பது வருடம் சண்டை போட்ட மொழி. சிங்களம் தெரியும், சின்ன வயதில் நாட்டுப்புறத்துக் கடைத்தெருவில் பழகியது. கன்னடம் கேட்டால் விளங்கும். பணியர் பேச்சு நன்றாகவே வரும். மழைக்காலத்தில் அவரோடு நிரையில் நின்று கொழுந்தெடுத்த நான்கு பெண்களும் அந்தக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். இரண்டுதான் எழுதலாம் என்றேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, மலையாளத்தையும் பணியர் பேச்சையும் எழுதச் சொன்னார்.

"அப்போ சிங்களம்?"

"அது இங்க யாருக்கு வேணும்" என்றார்.

மறுநாள் காலையில் நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது அம்மா பின்கட்டில் அடுப்புக்கான விறகைக் கட்டிலிருந்து எடுத்து எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். எக்காய், தெக்காய், துனாய், ஹதராய். நான் கேட்டதைப் பார்த்துவிட்டு, ஐந்தாவது விறகிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டார்.